சிறு கித்தாருக்கு ஏற்ற மரம் எது?

மரவேலையில் கைப்பழக்கம் உள்ளோர் சிலர், கடையில் வாங்குவதைவிடத் தம் கையாலேயே ஒரு சிறு கித்தாரைச் செய்து பார்க்க விழைகின்றனர். அவர்கள் எழுப்பும் முதல் வினா, "எந்த மரம் வாங்கலாம்?" என்பதே. விலையுயர்ந்த மரம் கிடைத்தால் இனிய நாதமும் கிடைத்துவிடும் என்பது பலரது எண்ணம். இது எந்த அளவுக்கு உண்மை?

ஸ்பெயின் நாட்டின் அல்மேரியா நகருக்கு அருகில் 1817ஆம் ஆண்டு பிறந்தவர் அந்தோனியோ தெ தோரஸ். தச்சராக வாழ்வைத் தொடங்கிய இவரே இன்றைய கித்தாரின் வடிவத்தை வகுத்தவர் எனலாம். 1862ஆம் ஆண்டில் இவர் விந்தையான கித்தார் ஒன்றைச் செய்தார். அதன் மேற்பலகை நல்ல ஸ்புரூஸ் மரம். பின்புறமும் பக்கங்களுமோ வெறும் காகித அட்டை! நாதத்தின் பிறப்பிடம் மேற்பலகையே என்பதை மெய்ப்பிக்கவே அவ்வாறு செய்தார். அக்கருவி பார்சலோனா நகரின் இசை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

காரணம் எளிது. தந்தியின் அதிர்வு குதிரை வழியாக மேற்பலகையை அடைகிறது. அப்பலகையே காற்றை அசைத்து ஒலி எழுப்புகிறது. ஆகவே அது எடை குறைந்ததாகவும், அதே வேளையில் தந்தியின் இழுப்பைத் தாங்கும் விறைப்புடையதாகவும் இருத்தல் வேண்டும். ஸ்புரூஸ், செடார் ஆகிய ஊசியிலை மரங்களில் இவ்விரு குணங்களும் ஒருங்கே அமைந்துள்ளன.

மரத்தைத் தேடுமுன் அமைப்பை முடிவு செய்தல் நலம். நைலான் தந்தியா, எஃகுத் தந்தியா? ஆறு எஃகுத் தந்திகள் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். நைலானின் இழுப்போ அதில் பாதியைச் சற்றே கடக்கும். நைலானுக்கு, தோரஸ் கையாண்டதைப் போல விசிறியாய் விரியும் மெல்லிய உட்சட்டங்கள் போதும். எஃகுக்கோ பெருக்கல் குறி போல் குறுக்கிடும் சட்டங்கள் தேவை. ஜெர்மனியிலிருந்து 1833ஆம் ஆண்டு அமெரிக்காவில் குடியேறிய மார்ட்டின் என்பவரின் பட்டறையில் செம்மையுற்ற முறை இது.

அந்நிறுவனத்தின் '0' அளவுக் கித்தார், அகன்ற இடத்தில் 13½ அங்குலமே. 1916ஆம் ஆண்டு தோன்றிய பெரிய 'டிரெட்நாட்' வடிவமோ 15⅝ அங்குலம். சிறியதில் மந்தர ஒலி சற்றுக் குறையும். ஆயினும் ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்கும். சிறுவரும் பெண்களும் மடியில் வைத்து வாசிக்கவும் எளிது. ஒன்றை மறத்தலாகாது: சிறிய பலகை இயல்பாகவே விறைப்பானது. பெரிய கித்தாரின் கனத்தை இதற்கும் வைத்தால் நாதம் அடைபட்டுப் போகும். பலகையையும் சட்டங்களையும் இன்னும் சற்று மெல்லியதாய் இழைத்தல் வேண்டும்.

பின்பலகையின் மரம் பற்றி இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். பின்புற, பக்க மரங்களில் மட்டும் வேறுபட்ட ஆறு கித்தார்களை 52 கலைஞர்கள் வாசித்தனர். அறை மங்கல், கண்களில் பற்றவைப்போர் அணியும் கறுப்புக் கண்ணாடி. விலை மிகுந்த மரத்தையும் மலிவான மரத்தையும் நாதத்தால் பிரித்தறிவது அவர்களுக்கு அரிதாகவே இருந்தது.

இவ்வுண்மை பணத்தை மட்டும் சார்ந்ததன்று. பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரம் பெரும்புகழ் பெற்றிருந்தது. அது கிடைப்பது அரிதாகவே, 1969ஆம் ஆண்டில் மார்ட்டின் நிறுவனம் நம் நாட்டு ஈட்டி மரத்திற்கு மாறியது. பிரேசில் மரத்தின் பன்னாட்டு வணிகம் 1992ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டுள்ளது. தோதகத்தி என்றும் வழங்கும் நம் ஈட்டி, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் செல்வம். அதன் வணிகமும் 2017ஆம் ஆண்டு முதல் பன்னாட்டுக் கட்டுப்பாட்டிற்குள் வந்துள்ளது. செவிக்குப் புலனாகாத வேறுபாட்டிற்காக, பல தலைமுறைகள் நின்று வளர்ந்த மரம் வீழ வேண்டுமா?

ஆகவே, செய்ய விரும்புவோர் மேற்பலகையைத் தேர்வதிலேயே கருத்தூன்றுவார்களாக. அதன் கோடுகள் முகத்தில் நேராகவும், வெட்டு விளிம்பில் செங்குத்தாகவும் இருக்கட்டும். முடிச்சு கூடாது. நிழலில் நெடுநாள் உலர்ந்திருத்தல் அவசியம். ஈரப்பலகை பின்னர் வெடிக்கும். பின்புறத்திற்கு நார் நேரான, சூட்டில் ஒடியாமல் வளையும், நன்கு உலர்ந்த மகோகனி போன்ற மரம் போதும். பணத்தை மேற்பலகையிலும் பொறுமையை இழைப்புளியிலும் செலவிட்டால், எளிய மரமும் இனிது பாடும்.