நாலாவது மூலை நன்றாக வரும்!

நம் அடுப்படியில் பிடிதுணி என்று தனியாக எதையும் யாரும் தைப்பதில்லை. கிழிந்த பனியன், பழைய வேட்டித் துண்டு, அவசரத்துக்கு முந்தானை, அவ்வளவுதான். ஆனால், கரூரிலிருந்து வெளிநாட்டுச் சமையலறைகளுக்குக் கப்பலேறும் சரக்கில் ஏப்ரன், ஓவன் கையுறையோடு, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த சதுரப் பிடிதுணிகளும் உண்டு. ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் ஓரத்தைப் பாருங்கள். பிரியத் தொடங்குவது எப்போதும் அங்கேதான்.

உள்ளே வைக்கும் பொருளில் சிக்கனம் வேண்டாம். மேலும் கீழும் பருத்தித் துணி, நடுவே இரண்டு அடுக்கு பருத்திப் பஞ்சு விரிப்பு. அது கிடைக்காவிட்டால் பழைய டர்க்கி டவல். பாலியெஸ்டர் கூடவே கூடாது. பருத்தி அதிகச் சூட்டில் கருகும். பாலியெஸ்டரோ உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். சூட்டைத் தடுப்பது இழைகளுக்கு இடையில் தங்கும் காற்று. துணி நனைந்தால் அந்த இடத்தில் தண்ணீர் புகுந்து, சூடு நேரே விரலுக்கு வந்துவிடும். அதனால் ஈரப் பிடிதுணியால் பாத்திரத்தைத் தொடாதீர்கள்.

அடுக்குகளைச் சேர்த்து ஓர் அங்குல இடைவெளியில் கோடு கோடாகத் தைத்தால் துணி சற்றுச் சுருங்கும். எனவே 9 அங்குலத்தில் வெட்டித் தைத்து, பிறகு 8 அங்குலச் சதுரமாக நறுக்குங்கள். அடுத்து, விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். அடுக்குகள் நழுவாமல் இருக்கும். ஓரத்தின் தடிமனும் அமுங்கும். 16-ம் நம்பர் ஊசியும் நீளத் தையலும் இதற்கு ஏற்றவை.

இனி ஓரத்தை மூடும் பட்டி. வளைந்த ஓரத்துக்குத்தான் கிராஸ் பீஸ் கட்டாயம். சாய்வாக வெட்டிய துணி இழுபடும் என்பதால் வளைவில் சுருக்கமில்லாமல் படியும். சதுரத்துக்கு நேர்ப்பட்டியே போதும். அகலம் இரண்டரை அங்குலம். சுற்றளவு 32 அங்குலம். மூலை மடிப்புக்கும் முனை இணைப்புக்கும் சேர்த்து 40 அங்குலம் வேண்டும். 44 அங்குல அகலத் துணியில் குறுக்கே வெட்டினால் ஒட்டுப் போடாமல் ஒரே பட்டி கிடைக்கும். மிச்சத்தில் ஆணியில் மாட்ட ஒரு காது.

பட்டியை ஓரத்தின் இருபுறமும் ஒரேயடியாக மடித்து வைத்து, ஒரே ஓட்டத்தில் முடிக்கப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. பின்பக்கம் ஊசியில் சிக்கியதா என்று தெரியாது. நான் தைத்த முதல் பிடிதுணி மூன்றாம் சலவையில் வாயைத் திறந்தது அப்படித்தான். அதற்குப் பதில், பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போடுங்கள். அதன் வெட்டு ஓரங்களைத் துணியின் பின்பக்க விளிம்போடு பொருத்தி, கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக உள்ளே தள்ளித் தையுங்கள். பட்டியின் தொடக்க முனையைக் கொஞ்சம் தைக்காமல் விட்டு, பக்கத்தின் நடுவில் தொடங்குங்கள்; மூலையில் வேண்டாம்.

மூலையில்தான் பொறுமை தேவை. தையல் விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே ஓடுகிறதோ, மூலைக்கு அவ்வளவு முன்னால் நிறுத்தி, கெட்டித் தையல் போட்டு நூலை வெட்டுங்கள். பட்டியை மேல்நோக்கிச் சாய்வாக மடியுங்கள். அது அடுத்த பக்கத்துக்கு நேர்கோட்டில் நிற்க வேண்டும். பிறகு அதை அப்படியே கீழே இறக்குங்கள். மேல் மடிப்பு, தைத்து முடித்த பக்கத்தின் விளிம்போடு சமமாக இருக்கட்டும். அந்த விளிம்பிலிருந்தே அடுத்த தையலைத் தொடங்குங்கள். கடைசியில், தொடங்கிய முனையைச் சாய்வாக மடித்து, முடியும் முனையை அதற்குள் செருகி, விட்ட இடத்தையும் தைத்துவிடுங்கள்.

இப்போது பட்டியை முன்பக்கம் திருப்பினால் மூலை மடிப்பு தானாகவே சாய்கோடாக விழும். முதல் தையலை மறைக்கும்படி இழுத்து, குண்டூசிக்குப் பதில் கிளிப் மாட்டி, ஓரத்தில் நெருக்கித் தையுங்கள். மூலைகளில் பெடலை விட்டுவிட்டு, கையாலேயே சக்கரத்தைச் சுற்றுங்கள்.

முதல் மூலை கோணலாக வந்தால் பிரிக்காதீர்கள். ஒரே சதுரத்தில் நாலு முறை பழகலாம். கோணல் மூலையில் காதைத் தைத்து மறைத்துவிடலாம்.