மலையுச்சியில் ஒரு மைதானம்

கிழக்கு மலைகள் – 6

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்கு வருகிறவர்கள், ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் நின்று சேலத்தைப் பார்த்து, பகோடா பாயின்ட்டில் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். எல்லாம் கீழே பார்க்கிற இடங்கள். மலைக்கே பெயர் தந்த சேர்வராயன் உச்சிக்கு அரைமணி நேரம் ஒதுக்குகிறவர்கள் குறைவு. ஒதுக்குகிறவர்களிலும் பாதிப் பேர், “இதுதானா சிகரம்?” என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள்.

அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. உயரம் சுமார் 1,620 மீட்டர். ஆனால் கூர்முனை இல்லை, செங்குத்துப் பாறை இல்லை. கோயிலுக்குப் பக்கம் வரை வண்டி போகிறது. இறங்கினால் எதிரே காற்று சுழன்றடிக்கும் ஒரு பரந்த புல்தரை. மலையின் தலையைச் சீவி எடுத்ததுபோல இருக்கும் அந்தத் தட்டைதான் சேர்வராயனின் சிறப்பு என்று நான் நினைக்கிறேன். அது எப்படி வந்தது என்று தெரிந்தால் இந்த மலையின் கதை முழுவதும் தெரிந்துவிடும்.

வங்கக் கடலோரமாக ஒடிசாவிலிருந்து இறங்கிவரும் கிழக்குத் தொடர்ச்சி மலையை மகாநதியும் கோதாவரியும் கிருஷ்ணாவும் துண்டு துண்டாக வெட்டியிருக்கின்றன. தமிழ்நாட்டுக்குள் அது ஜவ்வாது, கல்வராயன், சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று தனித்தனியாக நிற்கிறது. சேர்வராயனின் உடம்பு சார்னோக்கைட் பாறை. சென்னைப் பல்லாவரத்துக் குன்றுகளில் இருப்பதும் இதே இனம். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. இவ்வளவு பழைய பாறை வெயிலிலும் மழையிலும் காலம் காலமாகக் கிடந்தால், அதிலுள்ள சிலிக்கா கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போய்விடும். கரையாத அலுமினியமும் இரும்பும் உச்சியிலேயே தங்கி இறுகும். அதுதான் பாக்சைட், இந்தத் தட்டையின் மேல்மூடி.

புல்தரையில் ஒரு கல்லை எடுத்துப் பாருங்கள். செம்பழுப்பு நிறம், உடம்பெல்லாம் துளை, சில கற்களில் மிளகு அளவுக்கு உருண்டைகள் ஒட்டியிருக்கும். அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் வழிந்து ஓடுவதைவிட உள்ளே இறங்குவதுதான் அதிகம். உச்சியில் பெய்யும் மழையில் ஒரு பங்கை இந்தக் கல்தான் வாங்கி வைத்து, சரிவுகளில் ஊற்றாக மெல்ல விடுகிறது. சேலம் நகருக்குள் ஓடும் திருமணிமுத்தாறும், ஓமலூர் வழியே போகும் சரபங்காவும் இந்த மலையில் பிறந்து காவிரியில் சேர்கின்றன. வடக்கே இறங்கும் வாணியாறு, தருமபுரி மாவட்டத்தில் அணை கட்டப்பட்டு, தென்பெண்ணையோடு கடலூர்ப் பக்கம் கடலுக்குப் போகிறது. ஒரே உச்சியின் மழை இரண்டு ஆறுகளுக்குப் பிரிகிறது.

உச்சியில் இருக்கும் கோயில் ஒரு குகை. குனிந்துதான் உள்ளே போக முடியும். உள்ளே சேர்வராயனும் காவிரி அம்மனும் இருக்கிறார்கள். குகை காவிரி வரை போகிறது என்பது மலை மக்களின் நம்பிக்கை. சுரங்கப் பாதை உண்டா என்று ஆராய்வது வீண் வேலை. மலைக்கும் காவிரிக்கும் உறவு உண்டு என்பதை நிலவியல் படிக்காமலே அறிந்தவர்கள் இவர்கள். மலையாளி என்று அழைக்கப்படும் இந்தப் பழங்குடியினர் பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. மே மாதத் திருவிழாவில் சுற்றுப்பட்ட மலைக் கிராமங்களெல்லாம் இங்கேதான் கூடும்.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்தார். சரிவுகள் தோட்டமாயின. மண் ஆழமில்லாத உச்சிக்குக் காப்பி வரவில்லை. அந்த உச்சியைத் தேடி வந்தது அலுமினியத் தொழில். 1965-ல் உற்பத்தி தொடங்கிய மேட்டூர் ஆலைக்கு இந்த மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட் லாரி லாரியாக இறங்கியது. வெட்டியதெல்லாம் மேல்மூடிதான், ஆனால் தண்ணீரைப் பிடித்து வைத்ததும் அதே மூடிதான். பள்ளத்தில் மரம் நட்டுப் பச்சையாக்கலாம். கோடிக்கணக்கான ஆண்டுகளில் உருவான துளைக்கல்லைத் திருப்பி வைக்க முடியாது.

2008-ல் அந்த ஆலையின் உலை நின்றது. இப்போது மலைமேல் வேறு பசி: தங்கும் விடுதிகளும் வீட்டுமனைகளும். சமதளம் என்றாலே கட்டடம் கட்டச் சௌகரியமான இடம் என்ற கணக்கு நமக்குப் பழகிவிட்டது. சேர்வராயன் உச்சியையும், அதேபோல் தட்டையாகக் கிடக்கும் மற்ற மேடுகளையும் ஏற்காட்டின் நீர்ப்பிடிப்பு நிலம் என்று அறிவித்து, புதிய கட்டடம், புதிய குவாரி இரண்டையும் அங்கே தடை செய்ய வேண்டும். அந்தக் கோரிக்கை மலையிலிருந்து மட்டும் வந்தால் போதாது. திருமணிமுத்தாற்றின் கரையில் இருக்கும் சேலத்திலிருந்தும், வாணியாற்றுப் பாசனத்தில் நெல் நடும் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்தும் வர வேண்டும்.