தைப்பட்டத்தில் எதைப் போடலாம், எதைத் தள்ளி வைக்கலாம்

பொங்கல் முடிந்த வாரம் விதைக் கடைகளில் கூட்டம் கூடும். மழை ஓய்ந்திருக்கும், மாடியில் காலிப் பைகள் கிடக்கும், கை சும்மா இருக்காது. தக்காளி, வெண்டை, அவரை, காரட், காலிபிளவர், கொத்தமல்லி என்று பிடித்ததையெல்லாம் வாங்கிவந்து ஒரே ஞாயிற்றுக்கிழமையில் விதைத்துவிடுகிறோம். சித்திரை வரும்போது அதில் பாதி காய்த்திருக்காது. மனம் விட்டுப்போய்ப் பைகளை மூலையில் அடுக்கிவிட்டவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அவர்கள் தண்ணீர் ஊற்றாதவர்களோ உரம் வைக்காதவர்களோ இல்லை. விதைப்பதற்கு முன் போட வேண்டிய ஒரு கணக்கை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கணக்கு இதுதான். விதைக்கும் நாளைப் பார்க்காதீர்கள், பூக்கும் நாளைப் பாருங்கள். கீரையும் கிழங்கும் தவிர நாம் சமைக்கும் காயெல்லாம் பூவிலிருந்து வருபவை. விதை எந்த மாதத்திலும் முளைத்துவிடும். பூ பிடிப்பதற்குத்தான் ஒவ்வொரு செடியும் தனக்கேற்ற வெயிலையும் பகல் நீளத்தையும் எதிர்பார்க்கிறது. நாட்காட்டியில் இளவேனில் என்று போட்டிருக்கும் சித்திரையும் வைகாசியும் சென்னை, வேலூர், கடலூர் பக்கத்தில் கொளுத்தும் மாதங்கள். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. ஆகவே தைப்பட்டத்துத் திட்டத்தை அக்னியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் போட வேண்டும்.

தக்காளியை எடுத்துக்கொள்வோம். தை முதல் தேதி நாற்றுவிட்டால் 25 நாளில் பிடுங்கி நடலாம். நட்ட நான்கு வாரத்தில், அதாவது மாசி கடைசியில், முதல் பூங்கொத்து வரும். அப்போது இரவு இன்னும் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும், பூ பிடித்துவிடும். பங்குனி கடைசியில் பழம் கைக்கு வரும். அதே விதையை மாசி நடுவில் நாற்றுவிட்டால் முதல் பூவே சித்திரை முதல் வாரத்தில்தான் வரும். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு இறங்காதபோது தக்காளியின் மகரந்தம் வலுவிழந்துவிடும். பூ மஞ்சளாக, அழகாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று நாளில் காம்பின் நடுவே உள்ள கணு பழுத்து, அந்த இடத்தில் ஒடிந்து பூ உதிரும். உதிர்ந்த பூவைப் பார்த்ததும் உரம் போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் போடுவார்கள். செடி மேலும் இலையாகத் தழைக்குமே தவிர காய்க்காது. பொங்கலுக்குள் நாற்றுவிட முடியாமல் போனால், நல்ல நாற்றாகப் பார்த்து வாங்கி நட்டுவிடுங்கள். மாசி பிறந்தபின் தக்காளி விதையைப் பிரிக்காமல் எடுத்து வைப்பதே நல்லது.

மிளகாய்க்கும் ஏறக்குறைய இதே கதைதான். ஆனால் அது சித்திரையில் பூவை உதிர்த்தாலும் பிழைத்துக்கிடந்து, மழை கண்டதும் மறுபடி காய்க்கும். கத்தரி அதைவிடப் பொறுமையான செடி. தையில் நாற்றுவிட்டு மாசியில் நட்ட கத்தரி சித்திரை முழுக்க ஓரளவு காய் தரும். வைகாசியில் ஓய்ந்துபோனால் பிடுங்க வேண்டாம். ஓர் அடி உயரம் விட்டுக் கவாத்து செய்து, தொழு உரம் ஒரு கை வைத்தால் ஆடியில் புதுத் தளிர் விட்டுவரும். ஒரே பையில் இரண்டு பட்டம் எடுக்கலாம் என்பதால், முதல்முறை தோட்டம் போடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது கத்தரிதான்.

இனி அவரை. இதில் நானே ஏமாந்தேன். தோட்டம் தொடங்கிய இரண்டாம் ஆண்டு, தை நடுவில் நாட்டு அவரை நான்கு விதை போட்டேன். கொடி பந்தல் ஏறியது, பந்தலைத் தாண்டி துணிக்கொடிக்குத் தாவியது, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டது. மாசி, பங்குனி, சித்திரை போய் ஆனியும் வந்தது. ஒரு பூ இல்லை. விதை மலடு என்று முடிவுகட்டிக் கொடியை அறுத்தெறிந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த பெரியம்மா கேட்டுவிட்டு, "பனி விழாம அவரை எப்படிம்மா பூக்கும்?" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் பூக்க வைப்பது பனி இல்லை, பனிக்காலத்து நீண்ட இரவு. சென்னையில் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் இடையே ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அந்த ஒன்றரை மணி நேரத்தை நாட்டுக்கொடி அவரை அளந்துவிடுகிறது. பகல் சுருங்கி இரவு நீளும்போதுதான் அதற்குப் பூக்கத் தோன்றும். ஆடியில் போட்டால் கார்த்திகை மார்கழியில் பூத்துத் தையில் பறிக்கலாம். தையில் போட்டால் அடுத்த பனிக்காலம் வரை இலைதான். சிறகவரைக்கும் இதே குணம் உண்டு. அவரை வேண்டும் என்று ஆசைப்பட்டால், பகல் நீளத்தைப் பார்க்காத குத்தவரை ரகங்களைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

தைப்பட்டம் உண்மையில் கொடிக்காய்களின் காலம். சுரை, பீர்க்கு, புடலை, பாகல், வெள்ளரி எல்லாவற்றையும் தை பத்துக்குள் விதைத்துவிட வேண்டும் என்பேன். இந்தக் குடும்பத்தில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. முதலில் ஆண் பூக்களாக வரும். ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் பெண் பூ தலைகாட்டும். பூவுக்கு அடியில் விரல்நுனி அளவு பிஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தால் அது பெண் பூ. வெயில் ஏறி, பகல் நீளும்போது கொடி ஆண் பூவை அதிகமாகவும் பெண் பூவைக் குறைவாகவும் வைக்கிறது. மாசியில் தாமதித்துப் போட்ட கொடி பூத்துக் குலுங்கியும் காய்க்காமல் நிற்பதற்கு இது பெரிய காரணம். விதையை ஓர் இரவு ஊறவைத்து, நேரே பெரிய தொட்டியிலேயே ஊன்றுங்கள். வேரைப் பிடுங்கி நட்டால் இந்தக் கொடிகள் சுணங்கிவிடும். 20 லிட்டர் டப்பாவுக்கு ஒரு கொடி போதும். ஆசைப்பட்டு மூன்று விட்டால் மூன்றும் மெலியும்.

மாடியில் காய் பிடிக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூன்றாம் மாடிக்கு வண்டும் தேனீயும் போதிய அளவு ஏறி வருவதில்லை. அந்த வேலையை நாமே செய்ய வேண்டும், நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். பாகல், பரங்கி, வெள்ளரி காலையில் மலர்பவை. ஏழு எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். சுரை, பீர்க்கு, புடலை மூன்றும் மாலையில் மலர்பவை. காலையில் போய்ப் பார்த்துவிட்டு, பூ வாடிக்கிடக்கிறதே என்று வருந்துகிறவர்கள் ஒருநாள் ஆறு மணிக்கு விளக்கு வைத்த கையோடு மாடி ஏறிப் பாருங்கள். சுரைப்பூ அப்போதுதான் விரியும். வெள்ளை இதழ், தொட்டால் மெல்லிய துணிபோலச் சுருக்கம் தெரியும். நீளக் காம்புள்ள ஆண் பூ ஒன்றைக் கிள்ளி, இதழ்களை உரித்துவிட்டால் நடுவில் மஞ்சள் பொடி அப்பிய தண்டு மட்டும் நிற்கும். அதைப் பெண் பூவின் நடுவில் உள்ள மூன்று பிளவு மேடையில் மெதுவாக ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. மூன்று நான்கு நாளில் விடை தெரிந்துவிடும். பிடித்த பிஞ்சு பளபளவென்று தலைகவிழ்ந்து தொங்கும். பிடிக்காதது நுனியிலிருந்து மஞ்சளாகிச் சூம்பும். பாகலும் புடலையும் பிடித்தபிறகு பழ ஈ குத்தாமல் இருக்க, பிஞ்சிலேயே ஒரு காகித உறை மாட்டிவிடுவது நல்லது.

வெண்டைக்கு இவ்வளவு கவனம் வேண்டாம். அது வெயில் பிள்ளை. தையிலிருந்து சித்திரை வரை எப்போது போட்டாலும் 45 நாளில் காய்க்கும். இலை நரம்பு மஞ்சளாகி வலைபோலத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். மருந்து தேடாமல் அந்தச் செடியை அன்றைக்கே பிடுங்கிவிட்டு, மஞ்சள் ஒட்டும் அட்டை இரண்டு தொங்கவிடுங்கள். கொத்தவரையும் வெயில் தாங்கும். காரட், பீட்ரூட், காலிபிளவர், முட்டைக்கோசு நான்கும் குளிர்காலத்துக்கு உரியவை. இப்போது வாங்க வேண்டாம். முள்ளங்கியை மட்டும் தை முதல் வாரத்தில் போட்டு மாசியில் பிடுங்கிக்கொள்ளலாம்.

கீரைக்குப் பூக்கணக்கே கிடையாது, பூப்பதற்குள் பறிப்பதுதான் கணக்கு. கொத்தமல்லியும் வெந்தயமும் வெயிலில் சீக்கிரமே பூத்து முற்றிவிடுவதால் மாசியோடு நிறுத்திவிடுங்கள். சிறுகீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை, புளிச்சை, கொடிப்பசலை இவை கோடைக்கு உகந்தவை. சிறுகீரை ஒரு மாதத்துக்குள் தட்டுக்கு வந்துவிடும். ஒரே நாளில் நான்கு பெட்டியிலும் தூவாமல், வாரத்துக்கு ஒரு பெட்டி வீதம் தூவினால் வாரம் ஒரு கட்டு கிடைத்துக்கொண்டே இருக்கும். விதையை மூன்று பங்கு மணலோடு கலந்து தூவுங்கள். பல வீடுகளில் கீரை முளைக்காததற்குக் காரணம் எறும்பு. தூவிய இரவே வரிசைகட்டிச் சுமந்துபோய்விடும். பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் அது ஏறாது. முளைத்துவிட்டால் அப்புறம் கவலை இல்லை.

செடிகளைத் தேர்ந்தபின் இடம். தை மாதத்தில் வெயிலைப் பார்த்துப் பை வைக்கிறவர்கள் சித்திரையில் திகைக்கிறார்கள். தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கிறது. மாடியின் தெற்குக் கைப்பிடிச் சுவர் 3 அடி உயரம் என்றால், நடுப்பகலில் அதன் உட்புறம் சுமார் 2 அடிக்கு நிழல் விழும். சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டிய நாளில் நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்துவிடும். அந்தச் சுவருக்கு அப்போது நிழலே இராது. அதன்பின் ஆவணி தொடங்கும் வரை சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும். நிழல் என்று நம்பிக் கீரைப்பெட்டி வைத்த இடம் அக்னியில் தகிக்கும். சாக்பீஸ் எடுத்து, காலை 9, நடுப்பகல், மாலை 4 மணி நிழல்களைத் தரையில் கோடு போட்டு வையுங்கள். மாசத்துக்கு ஒருமுறை போட்டால் ஒரே வருடத்தில் உங்கள் மாடி உங்களுக்கு மனப்பாடமாகிவிடும். மேற்குச் சுவர் ஓரம் வெண்டைக்கும் கொத்தவரைக்கும். கீரை, தக்காளிக்கு 50 சதவீத நிழல்வலை கட்டக் கொக்கியைத் தையிலேயே அடித்துவிடுங்கள்.

எத்தனை பை என்பதை இடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், தண்ணீரை வைத்து முடிவு செய்யுங்கள். 12 அங்குலப் பை ஒன்று சித்திரையில் ஒரு நாளைக்கு 2 லிட்டர் வரை குடிக்கிறது. முப்பது பை வைத்தால் தினமும் 60 லிட்டர், நான்கைந்து குடம். 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டபோது, செடிக்கு ஊற்றுவதா வீட்டுக்கு வைத்துக்கொள்வதா என்று கலங்கி, காய்த்த செடியைக் கைவிட்டவர்கள் பலர். அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீரை ஒரு வாளியில் சேர்த்துப் பாருங்கள். அது எத்தனை பைக்கு வருமோ அதுதான் கோடைக்கு உங்கள் தோட்டத்தின் அடிப்படை அளவு. காய்ந்த இலை, தென்னை மட்டைச் சோகை எதையாவது மண்ணின்மேல் இரண்டு அங்குலம் மூடாக்காகப் போட்டால் அந்தத் தண்ணீர் இன்னும் கொஞ்சம் தூரம் வரும். 12 அங்குலப் பையில் 20 லிட்டருக்கு மேல் கலவை பிடிக்கும், நனைந்தால் 20 கிலோவைத் தாண்டும். எல்லாவற்றையும் மாடி நடுவில் குவிக்காமல் சுவரை ஒட்டிப் பரத்தி, செங்கல்மேல் வையுங்கள்.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இந்தப் பட்டத்தில் நான் சொல்லும் அளவு: வெண்டை எட்டுச் செடி, கத்தரி நான்கு, மிளகாய் மூன்று, தக்காளி நான்கு, ஏதாவது இரண்டு கொடி, கீரைப்பெட்டி நான்கு. வெண்டையை எட்டுக்குக் குறைத்தால் ஒரு பொரியலுக்குக்கூடக் காய் ஒரே நாளில் சேராது. முதல் நாள் பறித்தது குளிர்பெட்டியில் வாடிக்கிடக்கும். சுரையில் இரண்டு கொடி வேண்டாம், ஒன்று நன்றாகக் காய்த்தாலே அண்டை வீட்டுக்கும் கொடுக்கலாம்.

வைகாசியில் தக்காளியும் கொடிகளும் ஓய்ந்தபின் அந்தப் பைகளை அப்படியே விடாதீர்கள். மண்ணைத் தரையில் கொட்டி, வேரைப் பொறுக்கி, லேசாக நனைத்து, கண்ணாடித்தாள் போன்ற பிளாஸ்டிக் விரிப்பால் மூடிக் கல் வைத்துவிடுங்கள். மூன்று நான்கு வாரம் அந்த வெயிலில் வெந்தால் மண்ணில் உள்ள நூற்புழுவும் பூசணமும் பெருமளவு அடங்கும். பிறகு மக்கிய தொழு உரமும் ஒரு பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிழலில் ஆறவிட்டால், ஆடி பிறக்கும்போது பை தயாராக இருக்கும். தையில் பிரிக்காமல் எடுத்து வைத்த அவரை விதையை அப்போது ஊன்றலாம்.