வினாத்தாளில் இல்லாத பாடம்

ஜூன் மாதம் பிறக்கிறது. திரு இருதய ஆண்டவருக்கு நாம் ஒப்புக்கொடுக்கும் அந்த மாதத்திலேயே நம் பள்ளிக்கூடங்களின் வாயில்களும் திறக்கின்றன. பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் தலைமையாசிரியரிடம் கேட்கும் முதற் கேள்வி, சென்ற ஆண்டு எத்தனை பேர் தேறினர் என்பதே. இக்கேள்வியில் தவறில்லை. வியர்வை சிந்திக் கட்டணம் செலுத்தும் தந்தைக்கும், தாலிச் சரட்டை அடகு வைத்துப் புத்தகம் வாங்கித் தரும் தாய்க்கும் இதைக் கேட்க உரிமை உண்டு. ஆயினும் இரண்டாவது கேள்வி ஒன்றும் உண்டு. “என் பிள்ளை இப்பள்ளியைவிட்டு வெளியேறும்போது எத்தகைய கிறிஸ்தவனாக, எத்தகைய கிறிஸ்தவளாக வெளியேறும்?” இதைக் கேட்போர் மிகச் சிலரே.

நம் கத்தோலிக்கப் பள்ளிகளில் மாணவர் தொண்டுக் குழுக்கள் பல உள்ளன. இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம், மரியாயின் சேனையின் இளையோர் பிரிவு, சாரணர் இயக்கம் ஆகியன நாம் நன்கு அறிந்தவை. காந்தியடிகள் நூற்றாண்டான 1969-இல் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டமும் மேல்நிலைப் பள்ளிகளில் இடம்பெற்றுள்ளது. எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் பிள்ளைகள் ஆர்வத்தோடு இவற்றில் சேர்கின்றனர். பத்தாம் வகுப்பு வந்ததும் வீட்டிலிருந்து கட்டளை பிறக்கிறது: “இனிப் படிப்பு மட்டும் போதும்; தொண்டெல்லாம் தேர்வு முடிந்த பிறகு.” அந்தத் தேர்வு முடிந்ததும் அடுத்த தேர்வு வந்து நிற்கிறது. “பிறகு” என்ற அந்த நாள் பலருக்கு வாழ்நாள் முழுவதும் வருவதேயில்லை.

தொண்டு என்பது படிப்பு முடிந்தபின் ஓய்வாகச் செய்யத்தக்க பொழுதுபோக்கா? அல்லது மாணவப் பருவத்திலேயே வேரூன்ற வேண்டிய விசுவாசத்தின் பகுதியா? திருச்சபையின் அண்மைக்கால வரலாற்றில் இதற்குத் தெளிவான விடை கிடைக்கிறது.

மாணவர் தொடங்கிய சபை

நம் பங்குகள் பலவற்றில் வின்சென்ட் தே பவுல் சபையைக் காண்கிறோம். நரைத்த தலையினரான பெரியோர் ஞாயிறுதோறும் கூடிச் செபித்து, ஏழைக் குடும்பங்களைச் சந்தித்துவரும் சபை என்றே அதனை நாம் அறிந்திருக்கிறோம். அது மாணவர்களால் தொடங்கப்பெற்றது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1833-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள். பாரிஸ் மாநகரில் பிரெடெரிக் ஓசானாம் என்னும் சட்டக்கல்லூரி மாணவருக்கு அன்றுதான் இருபது வயது நிறைந்தது. அதற்கு முந்திய ஆண்டில் அந்நகரைக் காலரா நோய் சூறையாடியிருந்தது. மாணவர் சொற்போர் மன்றம் ஒன்றில் ஓசானாம் திருச்சபையின் பெருமைகளை எடுத்துரைத்தபோது, எதிர்வாதம் புரிந்தோர், அவையெல்லாம் பழங்கதை என்றும், இன்று நீங்கள் செய்வது யாது என்றும் வினவினர். அக்கேள்வி அவரைச் சுட்டது. சொல்லால் விடையளிப்பதில் பயனில்லை என்று உணர்ந்த அவரும் உடன்மாணவர் சிலரும், எம்மானுவேல் பெய்லி என்னும் மூத்த பத்திரிகையாளரின் துணையோடு அன்று ஒன்றுகூடினர். வறியோர் வாழ்ந்த பகுதியில் பணிபுரிந்த அருட்சகோதரி ரோசலி ரெந்து என்பவர் எந்தெந்த வீடுகளுக்குச் செல்லலாம் என்று காட்டினார். ஏழைகளிடம் எவ்வாறு பேச வேண்டும் என்பதையும் கற்பித்தார். மாணவர்கள் விறகும் ரொட்டியும் பெறுவதற்கான சீட்டுகளைக் கையில் கொண்டு படியேறினர்.

அவர்கள் ஏழைகளுக்கு உதவுவதற்காக மட்டும் கூடவில்லை. தங்கள் விசுவாசத்தைக் காத்துக்கொள்வதற்காகவும் கூடினர். நம்பிக்கையற்றோர் நடுவே வாழ்ந்த அவ்விளைஞர், ஏழையின் வீட்டு வாசலிலேதான் தங்கள் விசுவாசம் உறுதிபெறும் எனக் கண்டனர். தொண்டினால் ஓசானாமின் கல்வி கெட்டுப்போகவும் இல்லை. அவர் பின்னர் சோர்போன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். 1853-இல் தமது நாற்பதாம் வயதில் மறைந்தார். 1997-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்னும் பட்டமளித்தார். அவர் விதைத்த சபை 1863-இல் இந்திய மண்ணிலும் காலூன்றியது.

இலத்தீனில் தவறிய மாணவர்

இதே சபை 1918-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுத் தூரின் நகரில் பதினேழு வயதுப் பள்ளி மாணவர் ஒருவரை ஈர்த்தது. அவர் பெயர் பியர் ஜார்ஜோ பிரசாத்தி. அவருடைய தந்தையார் புகழ்பெற்ற நாளிதழ் ஒன்றின் அதிபர்; பின்னாளில் ஜெர்மனி நாட்டில் இத்தாலியின் தூதராகவும் இருந்தவர்; கடவுள் நம்பிக்கையில் நாட்டமற்றவர். மகனோ படிப்பில் முதன்மையானவர் அல்லர். இலத்தீன் பாடத்தில் தோல்வியுற்ற காரணத்தால் அவரை இயேசு சபையாரின் பள்ளிக்கு மாற்றினர். அந்தத் தோல்வியே அவருக்குப் பேறாயிற்று. அப்பள்ளியில்தான் அவர் நாள்தோறும் நற்கருணை உட்கொள்ளும் பழக்கத்தைப் பெற்றார். அங்கேதான் வின்சென்ட் தே பவுல் சபையிலும் சேர்ந்தார்.

அதன்பின் அவருடைய நாட்கள் இரு வாசல்களுக்கிடையே கழிந்தன: ஒன்று ஆலயத்தின் வாசல்; மற்றொன்று ஏழையின் வாசல். வண்டிச் செலவுக்கென வீட்டில் தந்த காசை வழியில் ஏழைக்குக் கொடுத்துவிட்டு, உணவு வேளைக்குள் வீடு சேர ஓடோடி வருவார். சுரங்கத் தொழிலாளர் நடுவே பணிபுரிய வேண்டும் என்னும் நோக்கத்தோடு சுரங்கப் பொறியியல் பயின்றார். பட்டம் பெறும் தறுவாயில், 1925 ஜூலை 4-ஆம் நாள், இளம்பிள்ளை வாதத்தால் தமது 24-ஆம் வயதில் இறந்தார். தாம் சந்தித்துவந்த நோயாளிகளிடமிருந்தே அந்நோய் அவரைத் தொற்றியிருக்கலாம் என்பர். இறப்பதற்கு முந்திய நாள், செயலிழந்துவந்த கையால், ஏழை ஒருவருக்குச் சேர வேண்டிய ஊசி மருந்தைக் குறித்து நண்பருக்குக் கிறுக்கலாக ஒரு சீட்டு எழுதினார். அடக்க நாளில் ஆயிரக்கணக்கான ஏழைகள் தெருவில் திரண்டு நின்றதைக் கண்டபோதுதான், தங்கள் மகன் யார் என்பதை அக்குடும்பத்தார் உணர்ந்தனர். 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் சிங்கராயர் அவரைப் புனிதர் என அறிவித்தார்.

ஒரே வீட்டில் வாழ்ந்தும் பெற்றோர் தம் பிள்ளையின் உள்ளத்தை அறியாதிருந்தனர். இச்செய்தி நம்மையும் சிந்திக்கச் செய்ய வேண்டும் அன்றோ?

சிறுவனின் காலை உணவு

பிரசாத்தி தூரின் நகரில் ஏழைகளைச் சந்தித்துவந்த அதே ஆண்டுகளில், ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகரில் மருத்துவம் பயின்ற மாணவர் ஒருவரும் நண்பர்களோடு புறநகர்ச் சேரிக்குச் சென்றுவந்தார். ஒரு நாள் பிற்பகலில் ரொட்டி தின்றுகொண்டிருந்த சிறுவனைக் கண்டு, மாலைச் சிற்றுண்டியா என்று அன்போடு கேட்டார். அது தன் காலை உணவு என்று அச்சிறுவன் விடையளித்தான். அம்மாணவர்தாம் பின்னாளில் இயேசு சபையின் உலகத் தலைவரான அருட்தந்தை பேத்ரோ அருப்பே. 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஹிரோஷிமா நகரின்மீது அணுகுண்டு வீழ்ந்தபோது, நகர்ப்புறத்திலிருந்த தம் நவதுறவியர் இல்லத்தை மருத்துவமனையாக்கி, சுமார் 150 பேருக்கு மருத்துவம் செய்தவர் அவரே.

1973 ஜூலை 31-ஆம் நாள் வலென்சியா நகரில் இயேசு சபைப் பள்ளிகளின் பழைய மாணவர் முன் அவர் உரையாற்றினார். நீதிக்காக உழைக்கும்படி நாங்கள் உங்களைப் பயிற்றுவித்தோமா என்னும் கேள்வியை அவரே எழுப்பி, இல்லை என்று அவரே விடையும் கூறினார். பிறருக்காக வாழும் மனிதரை உருவாக்குவதே இனிக் கத்தோலிக்கக் கல்வியின் நோக்கமாக இருக்க வேண்டும் என்று அறிவித்தார். வசதி படைத்தோர் நிறைந்த அந்த அவையில் சிலருக்கு அது கசந்தது. ஆயினும் அந்த உரை உலகெங்குமுள்ள இயேசு சபைப் பள்ளிகளின் போக்கையே மாற்றியது.

மணிக்கணக்கும் மனக்கணக்கும்

கனடா நாட்டின் ஒன்றாரியோ மாநிலத்தில், 1999 முதல், உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற விரும்பும் மாணவர் 40 மணி நேரம் சமூகத் தொண்டு செய்ய வேண்டும் என்பது விதி. அங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் இவ்விதிக்கு உட்பட்டவரே. வாயிற்படி தாண்டாத பிள்ளையை வெளியே அனுப்ப இத்தகைய விதி உதவும். அதை நாம் குறைகூறவில்லை. ஆனால் மணியை எண்ணலாம். அன்பை எண்ண முடியாது. நாற்பதாம் மணியோடு நின்றுவிடும் தொண்டும், சான்றிதழுக்கும் புகைப்படத்துக்குமாகச் செய்யப்படும் தொண்டும் ஏழையைப் படியாகப் பயன்படுத்துகின்றன.

மேற்கண்ட மூவரிடமும் நாம் காணும் பண்புகள் மூன்று. முதலாவது, அவர்கள் ஏழையைத் தங்களிடம் வரவழைக்கவில்லை. ஏழையின் வீட்டிற்குத் தாங்களே சென்றனர். திரும்பத் திரும்பச் சென்றனர். இரண்டாவது, அவர்கள் செபத்தினின்று புறப்பட்டுச் செபத்திற்கே திரும்பினர். மூன்றாவது, கொடுப்பதோடு நில்லாமல், இவ்வறுமை எதனால் வந்தது என்றும் சிந்தித்தனர். பொதுநிலையினரின் பணிபற்றி 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏடும் இதையே வலியுறுத்துகிறது. நீதியின்படி ஒருவருக்கு உரியதை நாம் தருமமாகத் தருவதுபோல் தரலாகாது. துன்பத்தின் விளைவை மட்டுமன்றி அதன் காரணத்தையும் களைய வேண்டும். கர்தினால் கார்டைன் தொழிலாள இளைஞருக்குக் கற்பித்த பார்த்தல், தீர்ப்பிடுதல், செயல்படுதல் என்னும் மூன்று படிகளை இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம் இன்றும் பின்பற்றிவருவது இந்த நோக்கத்திற்காகவே.

நம் இல்லங்களில் செய்யத்தக்கவை

பெரிய திட்டங்கள் வேண்டா. இரு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, திருப்பலிக்குப் பின் ஒரு மணி நேரம் போதும். தனியே படுக்கையில் கிடக்கும் முதியவர் ஒருவருக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டலாம். குப்பத்துச் சிறுவர் நால்வருக்குக் கணக்குச் சொல்லித் தரலாம். படிப்பறியாத தாய்க்கு விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். இருவர் இருவராகச் செல்லட்டும். பொறுப்புள்ள பெரியவர் ஒருவர் உடன் செல்லட்டும். பெண் பிள்ளைகளை வீட்டோடு நிறுத்திவிட்டு ஆண் பிள்ளைகளை மட்டும் அனுப்புதல் முறையன்று. கிழிந்த துணியையும் மிஞ்சிய சோற்றையும் கொடுத்தனுப்புவதும் முறையன்று.

இன்னொன்றையும் மனம் திறந்து கூறுகிறோம். ஒரே பலிபீடத்தில் நற்கருணை வாங்கும் நாம், தெருவால் இன்னும் பிரிந்து வாழ்கிறோம். நம் மகன் அடுத்த தெருவில் உள்ள வீட்டிற்குச் சென்று, பாயில் அமர்ந்து, அவர்கள் தரும் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு வருவானாகில், பல மறையுரைகள் செய்யாததை அந்தக் குவளைத் தண்ணீர் செய்யும். அவன் திரும்பி வந்ததும் “எங்கெல்லாம் போய்விட்டு வருகிறாய்?” என்று முகம் சுளிக்காமல், “அவர்கள் நலமாக இருக்கிறார்களா?” என்று கேட்போமாக. அன்றிரவு குடும்பச் செபமாலையில் அவ்வீட்டாரின் பெயரைச் சொல்லி மன்றாடுவோமாக. பள்ளியில் தொடங்கும் பயிற்சி நிறைவுபெறும் இடம் நம் வீட்டுப் பீடத்தடியே.

தொண்டு செய்தால் மதிப்பெண் கூடும் என்று நாம் வாக்களிக்கவில்லை. பிரசாத்தி இலத்தீனில் தவறியவர்தாம். பிள்ளைகள் ஊன்றிப் படிக்க வேண்டும், படிப்பும் கடமையே. ஆயினும், பதினைந்து வயதில் ஏழையின் வாசலை மிதிக்காத கால், நாற்பது வயதில் அவ்வழி அறியாது தயங்கும். மருத்துவராகவும் அலுவலராகவும் ஆசிரியராகவும் ஆகப்போகும் நம் பிள்ளைகள், தம் முன் வந்து நிற்கும் ஏழையை மனிதனாகக் காண்பார்களா, தொல்லையாகக் காண்பார்களா என்பது இந்த ஆண்டுகளிலேயே முடிவாகிறது.

அரசுத் தேர்வின் வினாத்தாள் எவ்வாறு அமையும் என்று நாம் அறியோம். இறுதித் தீர்வையின் வினாத்தாளை மட்டும் ஆண்டவர் மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில் முன்கூட்டியே வெளியிட்டுவிட்டார். பசித்தவன், தாகமுற்றவன், அந்நியன், ஆடையற்றவன், நோயாளி, சிறைப்பட்டவன் ஆகிய அறுவரைப் பற்றியே அதில் கேள்வி. நம் பிள்ளைகளை எல்லாத் தேர்வுகளுக்கும் ஆயத்தம் செய்யும் நாம், இத்தேர்வுக்கும் இவ்வாண்டே அவர்களை ஆயத்தம் செய்வோமாக.