சர்ஃப் கித்தாரில் ஒரு மாயாமாளவகௌளை!

புதுச்சேரியிலிருந்து ஈ.சி.ஆரில் கொஞ்சம் வடக்கே போனால் செரினிட்டி பீச். விடியற்காலையில் போனால், சர்ஃபிங் பலகையோடு அலைக்காகக் காத்திருக்கும் இளைஞர்களைப் பார்க்கலாம். அலை வந்து பலகையைத் தூக்கும் அந்த நொடியை கித்தாரில் கொண்டுவர முடியுமா? முடியும் என்று காட்டியவர் டிக் டேல்.

1962, ஆகஸ்ட் 16. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த நாள். அதே வருடம்தான் கலிஃபோர்னியாவில் 'சர்ஃபர்ஸ் சாய்ஸ்' என்ற ஆல்பம் வெளிவந்தது. பகலில் அலைமேல் சறுக்கிய பிள்ளைகள், இரவில் டிக் டேல் கித்தாருக்கு ஆடினார்கள். அந்த மேடையிலேயே பதிவானது ஆல்பத்தின் பெரும்பகுதி.

டேல் இடது கைக்காரர். வலது கைக்காரர்களுக்குக் கட்டிய தந்தி வரிசையை மாற்றாமல் தலைகீழாகவே வாசித்தார். தந்திகளும் சாதாரணத் தந்திகள் அல்ல, நல்ல தடிமன். அவர் வாசித்த வேகத்துக்கும் சத்தத்துக்கும் ஆம்ப்ளிஃபயர்கள் தாங்காமல் புகைந்தன. கித்தார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர், அவருக்காகவே அதிக சக்தியுள்ள ஆம்ப்ளிஃபயரை உருவாக்கிக் கொடுத்தார்.

ஈரமான சத்தம்

சர்ஃப் இசை என்றதும் நினைவுக்கு வருவது தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோன்ற ஒரு எதிரொலி. ரகசியம் ரொம்ப எளிது. ஒரு பெட்டிக்குள் ஸ்பிரிங்குகள். கித்தாரின் ஒலி மின்சாரமாகப் போய் ஸ்பிரிங்கின் ஒரு முனையை அதிரவைக்கும். அதிர்வு மறுமுனைக்குப் போய், திரும்பி, மறுபடி போய்... அந்தத் தாமதம்தான் எதிரொலி. ஆனால், சர்ஃப் இசைக்கு அடித்தளம் போட்ட 'சர்ஃபர்ஸ் சாய்ஸ்' ஆல்பத்தில் டேலின் கித்தாருக்கு இந்த எதிரொலியே கிடையாது. அதில் கேட்பது அவருடைய கைவேகம்தான்!

நம் வீட்டு ஸ்வரங்கள்

ஒரு சிறுவன் டேலிடம், "ஒரே தந்தியில் ஒரு பாட்டு வாசிக்க முடியுமா?" என்று கேட்டானாம். டேலின் அப்பா வழிக் குடும்பம் லெபனானைச் சேர்ந்தது. சின்ன வயதில் உறவினர் 'ஊத்' என்ற அரபு வாத்தியத்தில் ஒரே தந்தியில் வாசித்த 'மிசர்லூ' அவருக்கு ஞாபகம் வந்தது. அதையே பல மடங்கு வேகத்தில் வாசித்தார். பிறகு 1994-ல் 'பல்ப் ஃபிக்‌ஷன்' படத்தின் டைட்டிலில் வந்து, உலகம் முழுக்கப் பரவியது.

இதில் நமக்கொரு ஆச்சர்யம். மிசர்லூவின் ஸ்வரங்கள், நம் பிள்ளைகள் பாட்டு வகுப்பில் முதல் நாள் பாடும் மாயாமாளவகௌளையின் அதே ஏழு ஸ்வரங்கள்! ராகத்துக்குரிய கமகமும் நடையும் வேறு. ஆனால் படிக்கட்டு ஒன்றுதான்.

இவ்வளவு புகழ் பெற்றவரின் கடைசிக் காலம் சுகமாக இல்லை. புற்றுநோய், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு. மருத்துவச் செலவுக்காகவே 80 வயதிலும் ஊர் ஊராகப் போய் வாசித்தார். வலியோடு மேடையேறினார், கைவேகம் குறையவிடவில்லை. 2019 மார்ச்சில், 81 வயதில் மறைந்தார்.

உங்கள் வீட்டில் சரளி வரிசை பாட அலுத்துக்கொள்ளும் பிள்ளை இருந்தால், இன்று மிசர்லூவைப் போட்டுக் காட்டுங்கள். "இது உன் பாடம்தான்" என்று சொல்லுங்கள். நாளை காலை ச-ரி-க-ம கொஞ்சம் உற்சாகமாகவே கேட்கும்!