வளர்ப்பு நாய்க்கு ஏற்ற கடை உணவைத் தேர்ந்தெடுத்தல்

நாய்க்கான கடை உணவு என்பது தானியம், இறைச்சி, கொழுப்பு, தாது உப்புகள், உயிர்ச்சத்துகள் ஆகியவற்றைக் கலந்து, தொழிற்சாலையில் தயாரித்து விற்கப்படும் உணவாகும். 1860களில் இலண்டனில் ஜேம்ஸ் ஸ்பிராட் விற்கத் தொடங்கிய நாய் பிஸ்கட் இத்தொழிலின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

தாமிரபரணிக் கரை ஊர்களில் முன்பு மிஞ்சிய சோறும் கூழும் மீன் தலையுமே நாய்க்கு உணவாயின. இன்று திருநெல்வேலி, பாளையங்கோட்டைக் கடைகளில் பல நிறுவனங்களின் பைகள் அடுக்கப்பட்டுள்ளன. பையின் முன்புறப் படத்தை விட, பின்புறம் சிறிய எழுத்தில் உள்ள விவரங்களே முக்கியமானவை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டத்தில் 'உணவு' என்பதற்குத் தரப்பட்டுள்ள விளக்கம் விலங்குத் தீவனத்தை உள்ளடக்கவில்லை. ஆகவே வாங்குபவர் தாமே படித்துத் தெரிந்துகொள்வது அவசியமாகிறது.

முழு உணவா, தின்பண்டமா?

'முழுமையானது, சமச்சீரானது' என்ற பொருள்படும் வாசகம் இருந்தால் மட்டுமே அதை அன்றாட உணவாகக் கொடுக்கலாம். அது இல்லாதவை தின்பண்டம் அல்லது துணை உணவு. எந்த வயதுக்கு என்பதையும் பார்க்க வேண்டும். ஆஃப்கோ எனப்படும் அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கத்தின் அளவுகோலின்படி, ஈரம் நீக்கிய நிலையில் குட்டிகளுக்குக் குறைந்தது 22.5 விழுக்காடு புரதமும் 8.5 விழுக்காடு கொழுப்பும் தேவை. வளர்ந்த நாய்களுக்கு இவை முறையே 18, 5.5 விழுக்காடு.

முழு உணவு உண்ணும் குட்டிக்குத் தனியாகச் சுண்ணாம்புச்சத்து மருந்து ஊட்டக் கூடாது. இராஜபாளையம் போன்ற பெரிய இனக் குட்டிகளில் மிகையான சுண்ணாம்புச்சத்து எலும்பு வளர்ச்சியைக் கோணலாக்கும்.

ஈரத்தைக் கழித்துப் பார்த்தல்

உலர் உணவில் புரதம் 22, ஈரம் 10 விழுக்காடு என்றும், ஈர உணவில் புரதம் 8, ஈரம் 80 விழுக்காடு என்றும் அச்சிடப்பட்டிருப்பதாகக் கொள்வோம். முதலாவதில் ஈரம் போக மீதி 90; 22ஐ 90ஆல் வகுத்தால் சுமார் 24 விழுக்காடு. இரண்டாவதில் மீதி 20. 8ஐ 20ஆல் வகுத்தால் 40 விழுக்காடு. குறைவாகத் தோன்றிய ஈர உணவிலேயே புரதம் அதிகம். இவ்வாறு கணக்கிட்ட பிறகே இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

புரத எண் மட்டும் போதாது

பையில் காணப்படும் 'கச்சாப் புரதம்' நேரடியாக அளக்கப்படுவதில்லை. உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிப் பெறுகிறார்கள். 2007இல் இதைப் பயன்படுத்தி மோசடி நடந்தது. நைட்ரஜன் மிகுந்த மெலமைன் என்ற வேதிப்பொருள் கலந்த கோதுமைப் புரதம் சீனாவிலிருந்து வட அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குச் சென்றது. சோதனையில் புரதம் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் அதை உண்ட பல நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன.

எனவே புரதம் எதிலிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மூலப்பொருள்கள் எடை மிகுதியின்படி வரிசையாக எழுதப்படுவது வழக்கம். கோழி, மீன் என்று பெயர் சொல்லப்பட்ட பொருள் முதலில் வருவது நல்லது. 'இறைச்சிப் பொருள்கள்' என்ற பொதுச்சொல்லிலிருந்து எதையும் அறிய முடியாது. அரிசி, சோளம் போன்ற தானியங்கள் இருப்பது குறையன்று. நாய்களால் வெந்த மாவுச்சத்தைச் செரிக்க முடியும்.

எவ்வளவு கொடுப்பது?

15 கிலோ எடையுள்ள, ஓரளவு ஓடியாடும் வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 850 கிலோகலோரி தேவைப்படும். 100 கிராமில் 350 கிலோகலோரி உள்ள உலர் உணவானால் ஏறத்தாழ 240 கிராம் போதும். இதை இரு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். கன்னி, சிப்பிப்பாறை ஆகியவை இயல்பிலேயே ஒல்லியான வேட்டை நாய்கள். அவற்றைக் கொழுக்க வைக்கத் தேவையில்லை. எந்த இனமானாலும் விலா எலும்புகள் கைக்கு எளிதில் தட்டுப்பட வேண்டும்.

மழைக்காலமும் பூஞ்சையும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரத்தால் உணவில் பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகள் சுரக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைத் தாக்கும். 2020 இறுதியில் அமெரிக்காவில் இந்நஞ்சு கலந்த உணவு திரும்பப் பெறப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகத் தகவல்கள் பதிவாயின. மூட்டையைத் திறந்துவைத்துச் சில்லறையாக நிறுத்துத் தருவதை வாங்குவதில் இந்த ஆபத்து உண்டு. காலாவதி நாளும் தெரியாது. ஒரு மாதத்துக்குள் தீரும் சிறிய பையாக வாங்கி, பையோடு மூடியுள்ள டப்பாவில் வைப்பது நல்லது. நாற்றம் மாறினால் கொட்டிவிட வேண்டும்.

மாற்றும் முறை

புதிய உணவைப் பழையதோடு சிறிது சிறிதாகக் கலந்து 7 முதல் 10 நாள்களில் மாற்ற வேண்டும். இல்லையேல் வயிற்றுப்போக்கு ஏற்படலாம். வெங்காயம் சேர்ந்த பிரியாணி மிச்சம், திராட்சை, சாக்லேட், நெய் மிகுந்த அல்வா ஆகியவற்றை நாய்க்குக் கொடுக்கக் கூடாது. வாந்தி, சோர்வு, அடர் மஞ்சள் நிறச் சிறுநீர், உணவை மறுத்தல் ஆகியவை காணப்பட்டால் உணவை நிறுத்தி, பையை எறியாமல் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும். பையிலுள்ள தொகுதி எண் காரணத்தைக் கண்டறிய உதவும். திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் உள்ளன.