அவசரத்துக்கு வெடிக்குமா 'அஷானி' பிஸ்டல்? உரிமையாளர்களின் புகார் என்ன?

குத்தம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஆவடியில் ராணுவ டாங்கி தயாராகுது. ஆனா, லைசென்ஸ் உள்ளவங்க வாங்கும் .32 'அஷானி' பிஸ்டல் மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் அரசு தொழிற்சாலை தயாரிப்பு.

ஏன் இதை வாங்குறாங்க?

9 எம்.எம். ரகத்துக்கு சாதாரண லைசென்ஸ் கிடைக்காது. 1980-களின் மத்தியில் இறக்குமதியும் நின்றதால், பழைய வெளிநாட்டு பிஸ்டல்களின் விலை பல லட்சம். அஷானி அதைவிட மலிவு.

என்ன புகார்?

மேகசினில் இருந்து தோட்டா சரியா ஏறாமல் சிக்குது. சுட்ட பிறகு வெற்றுக்கூடு வெளியே விழாமல் மாட்டிக்குது. இரண்டும்தான் அடிக்கடி சொல்லப்படும் குறைகள். சிலருக்கோ எந்தப் பிரச்னையும் இல்லை.

காரணம் என்ன?

மேகசின் விளிம்பு வளைந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அழுக்கு சேர்ந்திருக்கலாம், தோட்டா பழசாக இருக்கலாம். பிடி தளர்வாக இருந்தாலும் சிக்கும்.

சோதித்துப் பார்க்க முடியாதா?

சிக்கலே இங்குதான். லைசென்ஸில் தோட்டாவுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. நூற்றுக்கணக்கில் சுட்டால்தான் ஒரு பிஸ்டலை நம்பலாமா என்று தெரியும்; பலரால் அது முடியாது. சுடாமலே பீரோவில் கிடக்கும் பிஸ்டலை நம்புவது ஆபத்து.

வெடிக்கலைன்னா?

உடனே குழலுக்குள் எட்டிப் பார்க்காதீங்க. தோட்டா தாமதமாகவும் வெடிக்கலாம். பாதுகாப்பான திசையில் நீட்டியபடி 30 விநாடியாவது காத்திருங்க. பிறகு மேகசினைக் கழற்றிவிட்டு, ஸ்லைடை இழுத்து தோட்டாவை வெளியே எடுங்க. ரிவால்வரில் டிரிக்கரை மறுபடி அழுத்தினால் அடுத்த தோட்டா வந்துவிடும். பிஸ்டலில் அந்த வசதி இல்லை.

ரிப்பேருக்கு உள்ளூர் பட்டறை வேண்டாம். 1959 ஆயுதச் சட்டம் 5-வது பிரிவின்படி, துப்பாக்கி பழுதுபார்க்கவும் லைசென்ஸ் கட்டாயம்.